இது அறிவியலா, அறிவியல் வேஷமா? ஒரு கூற்றைப் படிப்படியாகச் சோதித்துப் பார்க்கும் வழி

போலி அறிவியலைக் கண்டுபிடிக்க என்று சுற்றிவரும் பட்டியல்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தைத்தான் பேசுகின்றன. ஆச்சரியக்குறி நிறைய இருக்கும், எழுத்துப் பிழை இருக்கும், 'மருத்துவர்கள் மறைக்கும் ரகசியம்' என்று தலைப்பு இருக்கும் என்பார்கள். அதெல்லாம் பழைய காலம். இன்றைக்குப் போலி அறிவியலிடமும் வெள்ளைக் கோட்டு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, சொந்தமாக ஆய்விதழ்கூட இருக்கிறது. மறுபக்கம், உண்மையான ஆய்வுக் கட்டுரையோ பாதி புரியாமலும் மீதி தயங்கித் தயங்கியும் எழுதப்பட்டிருக்கும். தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் வேஷம் கட்டியவர்தான் ஜெயிப்பார்.

அதனால் நான் பார்ப்பது இரண்டே விஷயம். இந்தக் கூற்று, தோற்றுப்போக வாய்ப்புள்ள ஒரு சோதனைக்கு என்றைக்காவது உட்பட்டதா? அதில் தோற்றபோது, அதைச் சொன்னவர்கள் என்ன செய்தார்கள்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் பதில் தேடும் வழிகள். எல்லாக் கூற்றுக்கும் எல்லாப் படியும் தேவைப்படாது. பல கூற்றுகள் முதல் இரண்டிலேயே விழுந்துவிடும்.

முதல் படி: கூற்றை ஒரே வாக்கியமாக்குங்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காந்தக் காப்பு விளம்பரம்: 'ரத்த ஓட்டத்தைச் சீராக்கி, உடலின் ஆற்றலைச் சமன்செய்து, மூட்டுவலியிலிருந்து விடுதலை தரும்.' படிக்கும்போது ஒரே கூற்று போலத் தெரியும். உள்ளே மூன்று இருக்கின்றன. தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

'ஆற்றலைச் சமன்செய்யும்' என்பதை முதலில் பாருங்கள். எந்த ஆற்றல்? எதைக் கொண்டு அளப்பது? சமன் ஆகிவிட்டது என்று யார், எப்படித் தெரிந்துகொள்வார்? மூன்றுக்கும் பதில் இல்லை. இது சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது. ஓரமாக வைத்துவிடலாம்.

'ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்' என்பதற்கு வழக்கமாகத் தரப்படும் காரணம், ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை ஈர்க்கிறது என்பது. இதைச் சரிபார்க்கலாம். ஹீமோகுளோபினில் கட்டுண்டிருக்கும் இரும்பு அணு, இரும்புத் தூளைப்போல் நடந்துகொள்வதில்லை. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை, மிக மிக லேசாக விலக்குகிறது. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியின் காந்தப் புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா. கைக்காப்பில் இருப்பது அதில் சிறு துளி. அந்தக் கருவிக்குள் அரைமணி நேரம் படுத்திருப்பவரின் ரத்தமே ஒரு பக்கம் இழுக்கப்படுவதில்லை.

மிச்சம் இருப்பது மூட்டுவலி. அதை இப்படி எழுதலாம்: 'காந்தக் காப்பு அணிந்தவருக்கு, அதே தோற்றமுள்ள காந்தமில்லாத காப்பு அணிந்திருந்தால் குறைவதைவிட அதிகமாக வலி குறையும்.' இப்போதுதான் கையில் பிடிக்க ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது.

இந்தப் படியைத் தாண்டிப் போக அவசரப்படாதீர்கள். தெளிவில்லாத பேச்சுக்கு ஒரு தனி வலிமை உண்டு. 1948இல் உளவியல் ஆசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் 'உங்கள் முடிவு' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்த வரிகள். 'சில நேரம் கலகலப்பாகப் பழகுவீர்கள், சில நேரம் ஒதுங்கியிருப்பீர்கள்' என்ற மாதிரி. யாருக்குத்தான் பொருந்தாது?

இரண்டாம் படி: எது நடந்தால் இது பொய் என்று ஒப்புக்கொள்வார்கள்?

இந்தக் கேள்வியைப் பிரபலப்படுத்தியவர் தத்துவஞானி கார்ல் பாப்பர். அவரை யோசிக்க வைத்தது 1919ஆம் ஆண்டு மே 29 சூரிய கிரகணம். சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி சுமார் 1.75 வில்நொடி (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்நொடி) வளையும் என்று ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பழைய நியூட்டன் முறைக் கணக்கில் அதில் பாதிதான் வரும். ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிபே தீவுக்கும், இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலுக்கும் போய்ப் படம் எடுத்தார்கள். பாதி மதிப்பு வந்திருந்தால் ஐன்ஸ்டைன் பாடு திண்டாட்டம்தான். எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, வேறு எண் வந்தால் மாட்டிக்கொள்ளும் இடத்தில் போய் நின்றதுதான் பாப்பருக்கு முக்கியமாகப் பட்டது.

போலி அறிவியல் அந்த இடத்துக்கே வராது. குணமானால் மருந்தின் மகிமை. குணமாகவில்லை என்றால் நீங்கள் முழு நம்பிக்கையோடு எடுக்கவில்லை. நோய் கூடிவிட்டால் உடம்பில் உள்ள நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி. மூன்றில் எது நடந்தாலும் மருந்து பாஸ். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஏற்பாடு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். விஞ்ஞானிகளும் ஒரு கணிப்பு தவறியவுடன் கோட்பாட்டைத் தூக்கி எறிவதில்லை. அவர்களும் சமாதானம் சொல்வார்கள். யுரேனஸ் கோள் நியூட்டன் விதிப்படி போக வேண்டிய பாதையிலிருந்து கொஞ்சம் விலகியே போய்க்கொண்டிருந்தது. 'நியூட்டன் தவறு' என்று சொல்லாமல், 'கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது' என்றார் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெவெரியே. கேட்டால் சப்பைக்கட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கோள் வானத்தில் எங்கே இருக்கும் என்பதையும் அவர் கணித்துச் சொன்னார். 1846 செப்டம்பரில் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் அகப்பட்டது.

அதே லெவெரியே, புதன் கோளின் பாதையில் இருந்த கோளாறுக்கும் அதே பாணியில் சமாதானம் சொன்னார். சூரியனுக்குப் பக்கத்தில் வல்கன் என்று ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். பல பத்தாண்டுகள் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்தக் கோளாறை விளக்கியது, வல்கன் கைவிடப்பட்டது. ஆக, சமாதானம் சொல்வது குற்றமில்லை. அந்தச் சமாதானத்தையும் சோதிக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நெப்டியூனும் வல்கனும் சோதிக்கக்கூடிய சமாதானங்கள். ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. 'உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை' என்பதை எந்தத் தொலைநோக்கியால் பார்ப்பது?

மூன்றாம் படி: எதோடு ஒப்பிட்டார்கள்?

'நான் சாப்பிட்டேன், எனக்குக் குணமாச்சு.' இதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது உண்மை, குணமானதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போடும் இடத்தில்தான் சிக்கல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கலாம்.

சளி, முதுகுவலி போன்றவை பெரும்பாலும் தாமாகவே சரியாகும். நாள்பட்ட வலி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நாம் மருந்தைத் தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்திலிருந்து அடுத்த நிலை பெரும்பாலும் இறக்கம்தான். அந்த நேரத்தில் கையில் என்ன இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ரத்தத்தை வடித்துவிடும் சிகிச்சை ஐரோப்பாவில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்தது இப்படித்தான். மருத்துவர்கள் முட்டாள்கள் அல்ல, கெட்டவர்களும் அல்ல. வடித்தபின் பிழைத்தவர்களைக் கண்ணால் பார்த்தார்கள். வடிக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை.

எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட். 1747இல் ஸ்கர்வி நோய் (வைட்டமின் சி குறைவால் வருவது) கண்ட மாலுமிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடிகளாகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே சாப்பாடு. மருந்து மட்டும் வேறு. ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும், இப்படி. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள் ஒரு வாரத்துக்குள் தேறிவிட்டார்கள். 12 பேர் என்பது இன்றைய கணக்கில் மிகச் சிறிய ஆய்வுதான். ஆனால் 'வினிகர் குடித்தேன், பிழைத்தேன்' என்ற ஆயிரம் சாட்சியங்களால் சொல்ல முடியாததை அது சொன்னது.

ஆகவே எந்த ஆய்வைப் பார்த்தாலும் ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். யார் எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்களா என்பதையும் பாருங்கள். விருப்பப்பட்டவர்களை ஒரு பக்கமும் மறுத்தவர்களை மறுபக்கமும் நிறுத்தினால் மருந்தை அல்ல, மனிதர்களைத்தான் ஒப்பிடுகிறோம்.

நான்காம் படி: கண்ணைக் கட்டினார்களா?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. போலி அறிவியல் என்றால் ஏமாற்று என்று நினைக்கிறோம். அது பல நேரம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்ட நல்ல மனிதர்களின் வேலை என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும்.

எக்ஸ் கதிர்கள் 1895இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. அடுத்து என்ன என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம். 1903இல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே பிளாண்ட்லோ என்ற மதிப்புக்குரிய இயற்பியலாளர் 'N கதிர்கள்' என்று ஒரு புதிய கதிரை அறிவித்தார். இருட்டறையில் மங்கலான ஓர் ஒளி கொஞ்சம் கூடுவதைக் கண்ணால் பார்த்து அதை அறிய வேண்டும். வேறு பல ஆய்வாளர்களுக்கும் அது தெரிந்தது. இன்னும் சிலருக்கு எவ்வளவு முயன்றும் தெரியவில்லை. 1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நேரில் பார்க்கப் போனார். அந்தக் கருவியில் கதிரைப் பிரித்துக் காட்டும் அலுமினிய முப்பட்டகம் ஒன்று இருந்தது. இருட்டில் வுட் சத்தமில்லாமல் அதைக் கழற்றி எடுத்துவிட்டார். அளவுகள் முன்போலவே சொல்லப்பட்டுக்கொண்டிருந்தன. முப்பட்டகம் இல்லாமல் அந்தக் கருவி எதையும் காட்ட வழியே இல்லை. வுட் இதை நேச்சர் இதழில் எழுதினார். சீக்கிரமே N கதிர்கள் பேச்சு அடங்கிவிட்டது.

இன்னொன்று. நோயாளியைத் தொடாமலே, அவர் உடம்புக்கு மேலே கையை நகர்த்தி 'ஆற்றல் புலத்தை' உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு சிகிச்சை உண்டு. எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி, ஒன்பது வயதில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அதைச் சோதித்தாள். நடுவே ஓர் அட்டைத் தடுப்பு. அதன் ஓட்டைகள் வழியே சிகிச்சையாளர் இரண்டு கைகளையும் நீட்டி வைக்க வேண்டும். எமிலி நாணயத்தைச் சுண்டி, வலமா இடமா என்று முடிவு செய்து, அந்தக் கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோவாள். என் கை எந்தப் பக்கம் இருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. 21 சிகிச்சையாளர்கள், மொத்தம் 280 முறை. 123 முறை சரியாகச் சொன்னார்கள், அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 50 வரும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இது வெளியானது. பெரிய ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் அட்டை, ஒரு நாணயம்.

இப்போது நம் காந்தக் காப்பு. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாத நோய் உள்ளவர்கள் 70 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் நான்கு வகைக் காப்புகளை ஒவ்வொன்றும் ஐந்து வாரம் அணிந்தார்கள். காந்தமுள்ளது, காந்தம் குறைந்தது, காந்தம் நீக்கப்பட்டது, செம்புக் காப்பு. வலியிலோ வீக்கத்திலோ போலிக் காப்பைவிட மேலான பலன் எதுவும் தென்படவில்லை. இந்த வகை ஆய்வில் ஒரு தலைவலி, ஒரு பேப்பர் கிளிப்பை அருகில் கொண்டுபோனாலே காப்பு காந்தமா இல்லையா என்று நோயாளி கண்டுபிடித்துவிடலாம். காந்தம் குறைந்த காப்பைச் சேர்ப்பது இந்தத் தொல்லையைச் சமாளிக்க உதவும், ஏனென்றால் அதுவும் கொஞ்சம் இழுக்கும். ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஓட்டைகளை எப்படி அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். செய்தவர்கள் எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: எண்களை உலுக்கிப் பாருங்கள்

2015இல் 'சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும்' என்று பல நாட்டு ஊடகங்களில் செய்தி வந்தது. அறிவியல் செய்தியாளர் ஜான் பொஹானனும் ஜெர்மானியத் தொலைக்காட்சிக்காரர்கள் சிலரும் சேர்ந்து வேண்டுமென்றே செய்த மோசமான ஆய்வு அது. மோசம் என்றாலும் கற்பனை அல்ல. உண்மையான மனிதர்கள், உண்மையான அளவுகள், உண்மையான குலுக்கல். கடைசியில் கணக்கில் வந்தது 15 பேர். அளந்ததோ எடை, கொழுப்பு, சோடியம், தூக்கம் என்று 18 விஷயங்கள்.

சூட்சுமம் அந்த 18இல் இருக்கிறது. 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது' என்ற முத்திரை கிடைக்க, வெறும் தற்செயலாக இப்படி நடக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் போதும் என்பது பல துறைகளில் வழக்கம். ஒரே ஒரு விஷயத்தை அளந்தால் அது நியாயமான தடுப்புச்சுவர். 18 விஷயங்களை அளந்தால்? அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஏதாவது ஒன்றாவது தற்செயலாகச் சுவரைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு. தாண்டியது எடையாக இருந்ததால் தலைப்பு எடையைப் பற்றி வந்தது. தூக்கம் தாண்டியிருந்தால் 'சாக்லேட் தூக்கம் தரும்' என்று வந்திருக்கும்.

ஆகவே கேளுங்கள்: எத்தனை பேர்? எத்தனை விஷயங்களை அளந்தார்கள்? எதை முக்கிய முடிவாகப் பார்க்கப்போகிறோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்தார்களா? மருந்து ஆய்வுகளை முன்பதிவு செய்யப் பொதுத் தளங்கள் இருக்கின்றன. பதிவில் சொன்னது ஒன்று, கட்டுரையில் பெருமையாகப் பேசுவது வேறொன்று என்றால் உஷாராகுங்கள்.

'இரண்டு மடங்கு ஆபத்து' என்று பார்த்தால் உடனே, எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 1995இல் பிரிட்டனில் சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு அபாயத்தை 100 விழுக்காடு கூட்டுகின்றன என்று எச்சரிக்கை வந்தது. பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள், வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின. உண்மையில் அபாயம் ஏறியது 7,000 பேரில் ஒருவர் என்பதிலிருந்து 7,000 பேரில் இருவர் என்ற அளவுக்கு. இங்கே எண் பொய்யல்ல, சொன்ன விதம்தான் வினை.

ஆறாம் படி: மூலக் கட்டுரைக்குப் போங்கள்

ஒரு ஆய்வு, பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பாகி, பத்திரிகைத் தலைப்பாகி, வாட்ஸ்அப் ஃபார்வர்டாகி உங்களிடம் வரும்போது, 'இருக்கலாம்' எல்லாம் 'இருக்கிறது' ஆகியிருக்கும். மூலக் கட்டுரையின் சுருக்கத்தையாவது படியுங்கள். அது இலவசமாகவே கிடைக்கும், ஒரு பத்திதான் இருக்கும். யாரிடம் சோதித்தார்கள்? மனிதரிடமா, எலியிடமா, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா? 'புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது' என்பது தட்டில் நடந்தது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும் தட்டில் உள்ள செல்கள் சாகும்.

ஆய்விதழில் வந்துவிட்டது என்பதே முத்திரை ஆகாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இருக்கின்றன. மேலே சொன்ன சாக்லேட் கட்டுரையும் அப்படி ஒன்றில்தான் வந்தது. நல்ல இதழ்களில் வருபவை சக ஆய்வாளர்களின் பார்வையைத் தாண்டி வருகின்றன. அது வாசலில் நடக்கும் முதல் சோதனை, அவ்வளவுதான். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. அது வந்தது உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட்டில். 2010இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதனால் ஒரு கட்டுரையின் தலைப்பைத் தேடும்போது, அது திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். பணம் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். பொருளை விற்பவரே ஆய்வுக்குப் பணம் தந்திருந்தால் முடிவு பொய் என்று ஆகிவிடாது. மற்ற படிகளில் இன்னும் கறாராக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஏழாம் படி: வேறு யார் செய்து பார்த்தார்கள்?

ஒரு ஆய்வை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும். உளவியல் துறையில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு பெரிய கூட்டு முயற்சியின் முடிவு 2015இல் வந்தது. முதல் முறை 97 விழுக்காட்டு ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க முடிவு வந்திருந்தது. மறுமுறை 36 விழுக்காட்டில்தான் வந்தது. இதைக் காட்டி 'பார்த்தீர்களா, அறிவியலே இப்படித்தான்' என்பார்கள் சிலர். ஆனால் அந்தக் கணக்கை எடுத்து, வெட்கப்படாமல் வெளியிட்டவர்கள் அந்தத் துறைக்காரர்களே. ஜோசியத்துறை இப்படி ஒரு கணக்கெடுப்பைத் தானே நடத்தி நான் பார்த்ததில்லை.

தடுப்பூசி விவகாரத்தில், பின்னால் வந்த ஆய்வுகளில் ஒன்று டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளியானது. ஆட்டிச அபாயம் கூடவில்லை. 12க்கும் ஆறரை லட்சத்துக்கும் உள்ள தூரம் இது. மருத்துவக் கேள்வி என்றால், இப்படிப் பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் தொகுப்பாய்வுகளைத் தேடுங்கள். காக்ரேன் அமைப்பு 1993 முதல் இந்த வேலையைச் செய்கிறது. சாதாரண வாசகருக்கான சுருக்கமும் அவர்கள் தருகிறார்கள். நேரம் இல்லாதவர்கள் மற்ற படிகளை விட்டுவிட்டு நேரே இங்கே வந்தால்கூடத் தப்பில்லை.

எட்டாம் படி: தோற்றபோது என்ன செய்தார்கள்?

இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

2011 செப்டம்பரில் ஓபெரா என்ற ஆய்வுக்குழு ஓர் அதிர்ச்சியான அளவை வெளியிட்டது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்கு, சுமார் 730 கிலோமீட்டர், நிலத்துக்கு அடியில் போன நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட ஏறக்குறைய 60 நானோநொடி முன்னதாக வந்து சேர்ந்தன. உண்மையானால் இயற்பியலே தலைகீழாகும். 'ஐன்ஸ்டைனை முறியடித்தோம்' என்று அவர்கள் மார்தட்டவில்லை. மாதக்கணக்கில் தேடியும் பிழை அகப்படவில்லை, மற்றவர்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று தரவுகளை வெளியே வைத்தார்கள். 2012இல் காரணம் தெரிந்தது. கடிகாரக் குறிப்பைக் கொண்டுவரும் ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை. அதே இடத்தில் இருந்த இன்னொரு குழு அளந்தபோதும் ஒளியின் வேகத்தைத் தாண்டவில்லை. அவமானம்தான், ஆனாலும் விஷயம் அத்தோடு முடிந்தது.

1988இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் பென்வெனிஸ்ட், ஒரு பொருளைக் கரைத்து, அதன் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாத அளவுக்கு நீர்த்த பிறகும் தண்ணீர் அதை 'நினைவில்' வைத்திருக்கிறது என்ற முடிவை நேச்சரில் வெளியிட்டார். ஆய்வகத்தை நேரில் சோதிக்க விட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இதழ் அதை அச்சிட்டது. ஆசிரியர் ஜான் மேடாக்ஸ், ஆய்வு மோசடிகளைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்த வால்டர் ஸ்டூவர்ட், மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி மூவரும் போனார்கள். எந்தக் குழாயில் எது என்ற குறியீட்டை ஓர் உறையில் போட்டு ஆய்வகத்தின் கூரையில் ஒட்டிவைத்தார்கள். எது எது என்று தெரியாமல் சோதித்துப் பார்த்தபோது விளைவு காணாமல் போயிற்று. பென்வெனிஸ்ட் இதைச் சூனியக்காரி வேட்டை என்றார். கூற்றைக் கைவிடவில்லை. பின்னாளில், தண்ணீரின் நினைவை மின்குறியாகப் பதிவு செய்து தொலைபேசி வழியாகவே அனுப்பலாம் என்ற அளவுக்குப் போனார்.

ஓபெரா குழுவும் தவறு செய்தது, பென்வெனிஸ்டும் தவறு செய்தார். தவறுக்குப் பிறகு ஒரு பக்கம் கூற்று சுருங்கி மறைந்தது, மறுபக்கம் வீங்கிக்கொண்டே போனது. ஒரு கூற்று நம்பகமானதா என்று கேட்டால் அதன் வரலாற்றில் நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான்.

இடையில் வந்து விழும் சில வாதங்கள்

இவற்றுக்கு அதிக நேரம் தர வேண்டாம். 'கலிலியோவையும் கேலி செய்தார்கள்' என்பார்கள். கேலி செய்யப்பட்டவர்கள் எல்லாரும் கலிலியோ ஆகிவிடுவதில்லை. வயிற்றுப் புண்ணுக்குப் பாக்டீரியா காரணம் என்று சொன்ன பேரி மார்ஷலையும் ராபின் வாரனையும் பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்துப் பார்த்தார். ஆனால் அவர்களுக்கு 2005இல் நோபல் வாங்கித் தந்தது அந்தச் சாகசமோ, எதிர்ப்பைத் தாங்கிய வீரமோ அல்ல. மருத்துவர்கள் சோதிக்கச் சோதிக்க, பாக்டீரியாவை ஒழித்த நோயாளிகளுக்குப் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது.

'நோபல் வாங்கியவரே சொல்கிறார்' என்பதும் அப்படித்தான். லைனஸ் பாலிங் இரண்டு நோபல் வாங்கியவர். வைட்டமின் சி புற்றுநோயாளிகளுக்கு உதவும் என்று விடாமல் சொன்னார். மேயோ கிளினிக்கில் அந்த மாத்திரையை வைத்துச் செய்த ஒப்பீட்டு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. 'இயற்கையானது' என்றால், ஆமணக்கு விதையில் உள்ள ரிசினும் இயற்கையானதுதான், கொடிய விஷம். 'குவாண்டம்' என்ற சொல் வந்தால், அந்த வாக்கியத்திலிருந்து அதை எடுத்துவிட்டுப் படியுங்கள். பொருள் மாறவில்லை என்றால் அது அலங்காரத்துக்கு வைத்தது.

கடைசிப் படி: தீர்ப்பை அளந்து சொல்லுங்கள்

எல்லாவற்றையும் உண்மை, பொய் என்று இரண்டே பெட்டியில் போட வேண்டியதில்லை. 'பலமுறை சோதித்து உறுதியானது', 'ஓரளவு ஆதாரம் உண்டு, மாறலாம்', 'இன்னும் யாரும் சரியாகச் சோதிக்கவில்லை', 'சோதித்தார்கள், தோற்றது', 'சோதிக்கவே முடியாதபடி சொல்லப்பட்டிருக்கிறது'. இந்த ஐந்தில் ஒன்றில் வைத்தால் போதும். புதிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டாவதில்தான் உட்காரும். அது குறையல்ல. நமக்குப் பிடித்த கூற்றுக்கும் இதே படிகளைப் போடுங்கள். பிடிக்காததை மட்டும் துருவுவது எல்லோருக்கும் வருகிற பழக்கம், எனக்கும்தான்.

தவறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காந்தக் காப்பை ஒருவர் ஆசைக்கு அணிந்தால் பெரிய கெடுதல் இல்லை, உடம்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருப்பவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் அதை நம்பி முடக்குவாத மருந்தை நிறுத்தினால் கதை வேறு. அந்த நோய் மூட்டை அரிக்கும், அரித்தது திரும்பாது. இழப்பு பெரிதாகப் பெரிதாக ஆதாரமும் கெட்டியாக இருக்க வேண்டும்.

வீட்டிலோ நட்பிலோ ஒருவர் இப்படி ஒன்றை நம்பி அனுப்பினால், 'இது போலி' என்று ஆரம்பிக்காதீர்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். முதல் படியிலிருந்து தொடங்குங்கள்: 'இது சரியாக என்ன செய்யும்னு சொல்றாங்க?' அவரே ஒரு வாக்கியத்தில் சொல்ல முயலட்டும். அப்புறம் இரண்டாவது கேள்வி: 'எவ்வளவு நாளில் தெரியணும்? தெரியலைன்னா நிறுத்திடலாமா?' அந்த நாளை அவரையே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் அதுவரை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.